கரும்புச் செய்கையில் இடைவெளியும் களைக்கட்டுப்பாடும்

கரும்பு புல்லினத்தைச் சார்ந்த ஒரு பயிர். அதன் தோட்டத்தில் புகுந்து அதனை வருத்தும் அருகும், கினிப்புல்லும், இல்லுக்குப் புல்லும் அதே குடும்பத்தனவே. பகைவரும் சுற்றத்தாருமாகிய இரு சாராரை ஒரே நிலத்தில் வைத்துக்கொண்டு, ஒருவரை வளர்த்து மற்றவரை அழிக்க வேண்டிய நிலையிலேயே கரும்புச் செய்கையாளன் என்றும் இருக்கின்றான். இத்தொழிலின் இடர்களுட் பெரும்பாலன இவ்வுறவிலிருந்தே பிறப்பன.

அதியமானின் முன்னோர் கரும்பை இவ்வுலகிற் கொணர்ந்தனர் எனும் செய்தி புறநானூற்றிற் காணப்படுகின்றது. தாவரநூலார் கரும்பின் தாயகம் நியூகினித் தீவு என்பர். அங்கிருந்து வந்த தடித்த, மென்மையான, சாறு மிக்க கரும்பு, சுவையிற் சிறந்ததேயாயினும் நோய்க்கும் வறட்சிக்கும் ஆற்றாதது. 1912ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இனவிருத்தி நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் ஆகிய இருவரும் இக்குறையை நீக்க எடுத்துக்கொண்ட வழி வியப்பிற்குரியது. ஆற்றங்கரைகளிலும் தரிசுகளிலும் தானே வளரும் காட்டுக்கரும்பை அவர்கள் நற்கரும்புடன் கலப்புச் செய்தனர். அதிற் பிறந்த கோ 205 எனும் இனம் 1918இல் வெளிவந்தது. பின்னர் உலகெங்கும் பரவிய பெரும்பாலான கரும்பினங்களில் அக்காட்டுப் புல்லின் இரத்தம் ஓடுகின்றது எனலாம். அடியிலிருந்து பல கிளைகளை எழுப்பும் ஆற்றலும், வெட்டியபின் மீண்டும் துளிர்க்கும் ஆற்றலும் கரும்பிற்கு இவ்வழியே பெருகின. பல நாடுகளில் அக்காட்டுக்கரும்பு கொடிய களையாகவே எண்ணப்படுகின்றது. களையிடமிருந்து பெற்ற வலிமையே கரும்பைக் காக்கின்றது. எனினும் அவ்வலிமை முதற் சில மாதங்களில் வெளிப்படுவதில்லை. இதுவே இடைவெளி பற்றிய ஆராய்ச்சிக்கு அடிப்படை.

கரும்பு விதையால் நடப்படுவதன்று. முற்றாத கரும்பை இரண்டு அல்லது மூன்று கண்கள் அமையுமாறு துண்டித்த கரணைகளையே சாலில் இடுவர். கண் முளைத்துத் தரைக்கு மேல் வர இரண்டு முதல் ஐந்து வாரங்கள் செல்லும். அதன்பின் ஏறக்குறைய நான்காம் மாதம் வரை அடியிலிருந்து பக்கக் கிளைகள் எழுந்து தூர் கட்டும். அதற்குப் பின்னரே தண்டு விரைந்து நீள்கின்றது. தோகைகள் ஒன்றோடொன்று கோத்து நிலத்தை மூடுகின்றன. மூடியபின் கீழே ஒளி இல்லை. ஒளி இல்லாத இடத்திற் களைக்கு வாழ்வு இல்லை. ஆகவே பன்னிரண்டு மாதப் பயிராகிய கரும்பில், களையுடன் உண்மையான போர் நடைபெறுவது முதல் மூன்று அல்லது நான்கு மாதங்களில் மாத்திரமே. அக்காலத்திற் கவனியாது விடப்பட்ட தோட்டங்கள் விளைவிற் பத்திலொரு பங்கு முதல் பாதிக்கு மேலும் இழந்தமை பல நாட்டு ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. நான்காம் மாதத்தின் பின் எத்துணை முயன்று களை பிடுங்கினும், இழந்த கிளைகள் திரும்பி வாரா.

இங்ஙனம் நோக்கின், சால்களுக்கிடையே விடும் இடைவெளி நிலத்தின் அளவு மாத்திரமன்று, காலத்தின் அளவுமாகும் என்பது புலனாகும். சால்கள் நெருங்கியிருப்பின் தோகை விரைவில் மூடும். களைக்குக் கிடைக்கும் நாட்கள் குறையும். அகன்றிருப்பின் மூடுவதற்கு நாள் செல்லும். அந்நாட்கள் அனைத்தும் களைக்குரியன. இத்துடன் ஆராய்ச்சி முடிவதாயின், நெருங்க நடுதலே நன்று எனக் கூறி அமையலாம். ஆனால் விடயம் அத்துணை எளிதன்று.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சால்கள் 3 அடி இடைவெளியில் அமையின், அவ்வேக்கரிற் சால்களின் மொத்த நீளம் 14,520 அடி. நாலரை அடியாயின் 9,680 அடி. 5 அடியாயின் 8,712 அடி. தமிழ்நாட்டில் 3 அடியை ஒட்டிய சால்களில் ஏக்கருக்கு 30,000 இருகண் கரணைகள் இடுதல் வழக்கம். அஃதாவது 60,000 கண்கள். சாலின் ஓரடி நீளத்திற்கு நான்குக்குச் சற்று அதிகம். இவற்றுள் முளைத்தவை ஒவ்வொன்றும் கிளைக்குமாயின், ஏக்கரொன்றில் இலட்சக்கணக்கான தண்டுகள் நிற்றல் வேண்டும். அறுவடை நாளில் எண்ணினால் இருப்பவையோ நாற்பதினாயிரம் முதல் ஐம்பதினாயிரம் வரை. சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு கரும்பு! எஞ்சியவை முளையாதும், எழுந்தபின் நிழலில் நலிந்து மடிந்தும் போயின. எழுந்த கிளைகளிற் பாதியளவு மடிதல் நன்கு பேணப்பட்ட தோட்டத்திலுங்கூட இயல்பே.

இதனாற் பெறப்படுவது யாது? கரும்பு தன் எண்ணிக்கையைத் தானே ஒழுங்குசெய்யும் பயிர். நெருங்க நட்டால் மிகுதியாக மடியும். அகல நட்டால் மிகுதியாகக் கிளைக்கும். மிக நெருக்கமாக நட்டு விளைவைப் பெருக்க முயன்ற அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர், தொடக்கத்திற் பயிர் செழித்துத் தோன்றினும் அறுவடையில் அதற்கேற்ற ஆதாயம் இல்லாமையைக் கண்டனர். ஆகையால், மிதமான எல்லைக்குள், இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டியது கன்றுகளின் எண்ணிக்கை பற்றிய ஆசையன்று. அந்நிலத்திற் களையை யார், எதைக் கொண்டு, எத்தனை முறை அகற்றப் போகின்றனர் எனும் வினாவே அதனைத் தீர்மானிக்கத் தக்கது. இடைவெளியையும் களையையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துப் போதிக்கும் நூல்கள், பிரிக்கக் கூடாததைப் பிரிக்கின்றன.

மண்வெட்டியும் களைக்கொத்துமே கருவிகளாயின் இரண்டரை அடியும் 3 அடியும் போதியன. மனிதன் நின்று குனிந்து கொத்த அவ்வளவு இடம் போதும். தோகையும் விரைவில் மூடும். மாடு பூட்டிய சிறு கலப்பையை இடையே செலுத்த வேண்டுமாயின் 3 அடிக்குக் குறைதல் ஆகாது. உழவு இயந்திரம் நுழைய வேண்டின் நாலரை அல்லது 5 அடியேனும் வேண்டும். இயந்திரத்தின் அகலத்தைக் கருதாது சாலை அமைப்பவர் பின்னர் வருந்த நேரும். அவுஸ்திரேலியாவில் நெடுங்காலம் சால்கள் 1.5 மீற்றர் இடைவெளியிலும், அறுவடை இயந்திரங்களின் சக்கரங்கள் ஏறக்குறைய 1.8 மீற்றர் இடைவெளியிலும் அமைந்திருந்தன. சக்கரம் சாலின் ஓரத்தில் ஏறி அடிக்கட்டைகளை நசுக்கியது, மண் இறுகியது, மறுதாம்பு நலிந்தது. சால் இடைவெளியைச் சக்கரத்திற்கு இணங்க அகற்றுமாறு அங்குள்ள ஆய்வாளர் பின்னர் அறிவுறுத்தினர்.

2009ஆம் ஆண்டு முதல் இந்தியாவிற் பரப்பப்பட்ட நிலைபேறான கரும்புச் செய்கை முறை வேறொரு திசையிற் செல்கின்றது. இம்முறையில் முழுக் கரணை இடப்படுவதில்லை. கண்ணை மாத்திரம் சிறு சில்லாகப் பெயர்த்தெடுத்து, குழித்தட்டுகளில் நான்கைந்து வாரம் வளர்த்து, நாற்றாக நடுகின்றனர். சால்கள் 5 அடி, நாற்றுகள் 2 அடி எனும் கணக்கில் ஏக்கருக்கு 4,356 நாற்றுகளே வேண்டும். ஒவ்வொரு நாற்றும் பத்துச் சதுர அடியை ஆளுகின்றது. பத்துக் கரும்புகளை அது தருமாயின், முற்கூறிய சதுர அடிக்கு ஒரு கரும்பு எனும் அதே எண்ணிக்கை வந்துவிடுகின்றது. கரும்பொன்று ஒரு கிலோகிராம் எனக் கொள்ளின் ஏக்கருக்கு 43 தொன்னுக்கு மேல். நடுகைக்கென ஏக்கருக்கு ஏறக்குறைய மூன்று தொன் கரும்பை மண்ணிற் புதைக்கும் செலவு பெரும்பாலும் மிஞ்சுகின்றது. கடன் பெற்றுத் தொடங்கும் சிறு கமக்காரனுக்கு இது சிறிய ஆதாயமன்று. மேலும், தரையில் முளைக்காது தட்டில் முளைத்த அந்நான்கைந்து வாரங்களும் களைக்கு இல்லாமற் போகின்றன. நடுவதற்கு முன்னரே நிலத்தில் எழும் களையை ஒருமுறை உழுது அழித்தற்கும் நேரம் கிடைக்கின்றது. எனினும் 5 அடி அகன்ற வெறும் நிலம் கதிரவனுக்குத் திறந்து கிடப்பதும் உண்மையே. களையைக் கட்டுப்படுத்த ஆளோ கருவியோ இடைப்பயிரோ இல்லாதவர் இம்முறையை மேற்கொள்ளின், கரும்பினும் புல்லையே மிகுதியாக அறுவடை செய்வர்.

களை எங்கே முளைக்கின்றது என்பதும் நோக்கத்தக்கது. சால்களுக்கு இடையே முளைப்பதைக் கலப்பையும் களைக்கொத்தும் எளிதில் வெல்லும். சாலுக்குள்ளேயே, கரும்பின் அடியோடு அடியாக முளைப்பதே ஆபத்தானது. நீர் சாலில் ஓடுகின்றது. பசளையும் சாலிலேயே இடப்படுகின்றது. கரும்பு வேரூன்றுமுன் அவ்விருந்தை முதலில் உண்பது களையே. அதனைக் கையாலன்றிக் களைய இயலாது. நடுகையின் பின் முதல் மாத முடிவில் ஒன்று, இரண்டாம் மாத முடிவில் ஒன்று, மூன்றாம் மாத முடிவில் ஒன்று என மூன்று களையெடுப்புகள் பொதுவாக வேண்டப்படும். இவற்றுள் ஒன்றே செய்ய வசதியுள்ளவன் எதனைச் செய்வது? முதலாவதை, அதுவும் சாலுக்குள் மாத்திரமேனும், பிந்தாது செய்தலே தக்கது. இவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் கூலிப் பெண்கள். கரும்புத் தோகையின் விளிம்பு அரம் போன்றது. கையையும் முகத்தையும் கீறும். மூன்றாம் களையெடுப்புக்கு ஆள் கிடைப்பது அரிதாவதற்குக் கூலி மாத்திரம் காரணமன்று.

களையெடுத்த கையோடு மண் அணைத்தலும் ஒரு களைமுறையேயாகும். தமிழ்நாட்டு வழக்கப்படி 45ஆம் நாளை ஒட்டி ஓரளவும் 90ஆம் நாளை ஒட்டி முழுவதுமாக வரம்பின் மண்ணைச் சரித்துக் கரும்பின் அடியில் ஏற்றுவர். அதுவரை வரம்பாயிருந்தது சாலாகவும், சாலாயிருந்தது வரம்பாகவும் மாறும். சாலுக்குள் முளைத்த சிறு களைகள் மண்ணிற் புதையும். பயனற்ற பின் கிளைகள் எழாது தடுக்கப்படும். கரும்பு காற்றில் சாயாது நிற்கும். இடைவெளி இரண்டடியாக ஒடுங்கிவிட்டால், அணைப்பதற்கு வேண்டிய மண்ணே இராது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எல்லாக் களையும் ஒரு தன்மையன அல்ல. சாரணை போன்றவை விதையால் முளைப்பன. பூக்குமுன் கொத்திவிட்டால் அவற்றின் கதை முடியும். கோரையோ நிலத்தின் கீழ்க் கிழங்குச் சங்கிலியாற் பரவுவது. தலையைக் கொய்தாற் கிழங்கு மீண்டும் தளிர்விடும். அரைகுறையாகக் கொத்தினாற் சங்கிலி அறுந்து ஒன்று பலவாகும். கோரை மிக்க நிலத்தில், நடுகைக்கு முன் கோடையில் ஆழ உழுது கிழங்குகளை வெயிலிற் காயவிடுதலும், பின்னர்ப் பயிரின் நிழலை விரைவிற் பெறுதலுமே ஓரளவு பயன் தருவன. கோரை நிழலுக்கு அஞ்சும். ஆதலால் அத்தகைய நிலத்தில் 5 அடி இடைவெளியினும் 3 அடி இடைவெளியே பொருத்தமானது.

சுடுமல்லி இன்னும் விந்தையானது. பார்வைக்குச் சிறிய, அழகிய பூவுடைய செடி, தொழிலோ திருட்டு. அதன் தூள் போன்ற விதை, கரும்பு, சோளம் முதலிய புல்லினப் பயிர்களின் வேரிலிருந்து கசியும் பொருளின் குறிப்பறிந்தே முளைக்கின்றது. முளைத்ததும் அவ்வேரிற் பற்றிச் சாற்றை உறிஞ்சுகின்றது. அது தரைக்கு மேல் தலைகாட்டுமுன்னரே கேட்டின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடும். அப்போது பிடுங்குவதால் அவ்வாண்டுப் பயிர்க்குப் பெரும் பயன் இல்லை. எனினும் பிடுங்கியே ஆக வேண்டும். ஏனெனில் ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளைச் சிந்தும். அவை பல்லாண்டுகள் மண்ணில் உயிருடன் கிடக்கும். இதற்கு மாற்று, பயிர்ச் சுழற்சியில் உள்ளது. பருத்தி, தட்டைப்பயறு, சோயா ஆகியவற்றின் வேர்களும் அவ்விதையை முளைக்கத் தூண்டும். ஆனால் முளைத்தது பற்றிக்கொள்ள இடம் கொடா. ஏமாந்த முளை மடிந்து ஒழியும்.

பயற்றினங்களை இடைப்பயிராக இடுதல் பிற களைகளுக்கும் மருந்தாகும். கரும்பு நட்ட சில நாட்களில் உளுந்து, பாசிப்பயறு, சோயா ஆகியவற்றுள் ஒன்றை வரம்பின் பக்கத்தில் விதைத்தால், கரும்பின் மந்தமான குழந்தைப் பருவத்தில் அது நிலத்தை மூடுகின்றது. சணப்பையோ தக்கைப்பூண்டையோ விதைத்து, 45ஆம் நாள் அணைக்கும் மண்ணோடு மடக்கிப் புதைப்பதும் உண்டு. களைக்குரியதாயிருந்த ஒளியையும் இடத்தையும் கமக்காரனுக்குப் பயன்படும் செடியொன்றிற்குக் கொடுப்பதே இதன் நுட்பம். ஆனால் அளவு மீறி நெருக்கமாக விதைத்த இடைப்பயிர் தானே களையாகிவிடும். உயர்ந்து வளர்வதையும் கொடியாகப் படர்வதையும் தவிர்த்தல் வேண்டும்.

உலர்ந்த தோகையாகிய சோகையின் பயனும் இத்தகையதே. அறுவடையின் பின் சோகையை எரிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எரியாது சால்களின் இடையே கையளவு தடிப்பாகப் பரப்பினால், விதையால் முளைக்கும் களைகள் பெரும்பாலும் ஒளியின்றி அடங்குகின்றன, ஈரமும் காக்கப்படுகின்றது. கோரை மாத்திரம் அதனையும் துளைத்து எழும். மழை குறைந்த நிலத்திற்கு இது பெருநன்மை. நீர் தேங்கும் நிலத்திலோ இளம்பயிரின் அடியில் மிகையான ஈரம் கேடு செய்யும்.

களைநாசினிகளைப் பற்றி ஒரு சொல். 1940களில் வந்த 2,4-டி எனும் மருந்து அகன்ற இலைக் களைகளைக் கொல்லும், புல்லைத் தீண்டாது. கரும்பும் புல்லாதலாற் பிழைத்தது. ஆனால் அதே காரணத்தால் அருகும் கினிப்புல்லும் பிழைத்தன. முன்கூறிய சுற்ற உறவு இங்கே குறுக்கிடுகின்றது. அம்மருந்து காற்றிற் சென்று அயலிலுள்ள பருத்தியையும் தக்காளியையும் வாட்டுவதும் உண்டு. முளைக்குமுன் தெளிக்கும் அத்திரசீன் போன்றவை முதற் சில வாரங்களுக்குத் துணை செய்யும். கிளைபொசேற் புல்லையும் அழிப்பது; தோகையிற் பட்டாற் கரும்பையும் அழிப்பது.

மருந்தையே நம்பி இடைவெளியைத் தீர்மானித்தவர்களின் நிலை இலங்கையில் வெளிப்பட்டது. கந்தளாய், ஹிங்குராண, செவனகல, பெல்வத்தை ஆகிய இடங்களின் உலர்வலய நிலங்களிலேயே இத்தீவின் கரும்புச் செய்கை பெரும்பாலும் அமைந்தது. இவற்றுட் கந்தளாய் ஆலை பின்னர் மூடப்பட்டது. நாட்டுக்கு வேண்டிய சீனியிற் பெரும்பகுதி கப்பலிலேயே வருகின்றது. 2015இல் கிளைபொசேற் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது. 2021 மே மாதம் பசளையுடன் விவசாய இரசாயனங்களின் இறக்குமதி முழுவதுமே நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இத்தகைய காலங்களில், இயந்திரமும் இல்லாது, ஆளும் போதாது, அகன்ற சால் அமைத்தவனுக்குப் புல்லை அடக்க வழி இல்லை. அதே அகலத்திற் பயறு விதைத்தவனுக்கோ, சோகை பரப்பியவனுக்கோ அவ்வளவு இடர் இல்லை. யாழ்ப்பாணத்தார் பனங்கட்டியே போதும் என எண்ணினால் அதிலும் நியாயம் உண்டு. பனைக்குக் களையெடுப்பார் எவருமிலர்!

மறுதாம்பைப் பற்றிக் கூறாதொழிதல் ஆகாது. ஒருமுறை நட்ட கரும்பை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து இரண்டாம், மூன்றாம் விளைவுகள் எடுக்கப்படுகின்றன. நடுகைச் செலவு இல்லாமையால் கமக்காரனின் உண்மையான ஆதாயம் பெரும்பாலும் இவற்றிலேயே உள்ளது. மறுதாம்பு விரைந்து துளிர்ப்பதால் நிலத்தை முன்கூட்டியே மூடும். ஆயின் கட்டைகள் செத்த இடங்களில் விழும் இடைவெளி, நட்டவன் அளந்து விட்டதன்று. அங்கே முதலிற் குடியேறுவது அருகு. அடுத்த ஆண்டு அவ்விடம் இரட்டிக்கும். இதற்காகவே அறுவடையைத் தரைமட்டத்தோடு செய்து, உயர்ந்த கட்டைகளைச் சீவி, இரண்டடிக்கு மேற்பட்ட வெறுமையைத் தட்டில் வளர்த்த நாற்றாலோ, நெருங்கிய தூரிலிருந்து பெயர்த்த கட்டையாலோ ஒரு மாதத்திற்குள் நிரப்பிவிடுவர். அதற்குப் பின் நட்ட நாற்று, சூழ நிற்கும் மறுதாம்பின் நிழலில் மெலிந்து பெரும்பாலும் மடிந்துபோகும்.